அச்சு ஆச்சா?

அடுப்புக்குள் பிளாஸ்டிக் ஷீட் தொய்ய ஆரம்பித்துவிட்டது.

முதலில் அப்பளம் மாதிரி நெளியும். பிறகு கொஞ்ச நேரம் விறைப்பாக இருக்கும். அதற்கப்புறம்தான் நடுவில் தொப்பை விழும். அந்தத் தொப்பை இரண்டு விரற்கடை இறங்கியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஓட்டை விழும், அவசரப்பட்டால் வடிவம் வராது. பத்து எண்ணுகிற நேரம்தான் நமக்கு.

கேக் சுடுவதற்காக வாங்கிய ஓடிஜி அடுப்பின் முன்னால், சமையலறைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று அதைக் கழற்றி மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பிளாஸ்டிக் வாடை போகட்டும் என்று ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. வெளியே மயூர் விஹாரையே காணோம். எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிகள்கூட மூடுபனிக்குள் போயிருந்தன. எனக்கு முதுகில் ஜனவரி, முகத்தில் கத்திரி வெயில்.

பால்கனியில் என் கணவர் முரளி நின்றிருந்தார். அவர் முன்னால் ஒரு மரப்பெட்டி, அதன் இடுப்பில் செருகிய வாக்குவம் கிளீனர் குழாய், பெட்டியின் தலையில் ஆறு அச்சுகள். மரத்தில் செதுக்கி, மேலே வழவழப்புக்காகச் சுவருக்குப் பூசுகிற புட்டியை மெல்லிசாகத் தடவிய அச்சுகள். அந்தப் புட்டி காய்ந்திருக்க வேண்டும். டெல்லி ஜனவரியில் துணியே மூன்று நாளாகும், புட்டியை என்ன சொல்ல!

முரளி பதற்றத்தில் கிளீனரை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினேன்.

"முரளி! அச்சு ஆச்சா?"

"அச்சா!" என்று பதில் வந்தது.

என் காதில் அது "ஆச்சு" என்று விழுந்தது. அவ்வளவுதான், சட்டத்தோடு ஷீட்டை உருவிக்கொண்டு ஓடினேன்.

"தள்ளு, தள்ளு, தள்ளு!"

சட்டத்தை அச்சுகளின் மேல் வைத்து அமுக்கினேன். சர்ரென்று ஒரு சத்தம். கண் இமைப்பதற்குள் பிளாஸ்டிக் கீழே பாய்ந்து ஆறு அச்சுகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டது. தட்டையாக இருந்த வெள்ளை ஷீட்டில் ஆறு செதில்கள் எழும்பி நின்றன. நான் அந்த இடத்திலேயே குதித்தேன். கீழ்வீட்டு மிஸஸ் அரோரா விளக்குமாற்றுக் காம்பால் கூரையை இடித்தார். இன்னொரு தடவை குதித்தேன்.

முரளி வாயைத் திறந்தார். "வடிவு, ஏக் மினிட்..."

"பேசாதே. ஆறட்டும்" என்றேன்.

அவரைப் பேச விட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

பொன்வண்டு பட்ட அவமானம்

விஷயம் அதற்கு முந்தின வருஷம் தொடங்கியது.

குளிர்காலத்தில் டெல்லியில் ஒரு வேடத் திருவிழா நடக்கும். படக்கதையில் வருகிறவர்கள், சினிமாவில் வருகிறவர்கள் என்று ஆளாளுக்கு வேடம் கட்டிக்கொண்டு வருவார்கள். கையால் செய்த வேடங்களுக்கு மட்டும் தனிப் போட்டி உண்டு. நான் யாருடைய கதைக்குள்ளும் போவதில்லை. பூச்சி, பறவை, விலங்கு என்று எனக்குப் பிடித்ததை எடுத்து, அதற்கு ஒரு கவசமும் திமிரும் சேர்த்து நானே புதிதாக ஒன்றைச் செய்வேன். நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்களுக்கு இந்தத் தொடரின் மூன்றாவது வாரத்திலேயே பதில் சொல்லியாகிவிட்டது. மறுபடி சொல்வதாக இல்லை.

அந்த வருஷம் பொன்வண்டு. தீப்பெட்டிக்குள் போட்டு வளர்த்தோமே, அதே பொன்வண்டுதான். பச்சையும் பொன்னுமாக முதுகில் இரண்டு பெரிய சிறகு ஓடுகள். மூன்று மாதம் உயிரைக் கொடுத்து இழைத்திருந்தேன். ஒரு கீறல் கிடையாது. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படிப் பளபளப்பு.

நடுவர்களில் ஒருவர் தலைமுடியைக் குடுமியாக முடிந்திருந்தார். மேடை நாடகங்களுக்கு உடையும் கவசமும் செய்கிறவராம். என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சிறகை நகத்தால் தட்டினார்.

"கஹான் சே மங்வாயா?" என்றார். எங்கேயிருந்து வரவழைத்தாய் என்று அர்த்தம்.

"நானே செய்தது" என்று இந்தியில் சொன்னேன்.

சிரித்தார். "வீட்டில் இவ்வளவு சுத்தமாக வராது, மேடம்" என்றார். கையிலிருந்த தாளில் என் பெயருக்கு நேராக 'வாங்கியது' என்று எழுதினார். வரிசையில் என் பின்னால் நின்றவர்கள் அதை எட்டிப் பார்த்தார்கள். என்னைக் கைவேலைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டு, சும்மா ஊர்வலத்தில் நடந்து போகிறவர்களோடு சேர்த்துவிட்டார்கள்.

என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. செய்யும்போது படம் எடுக்கவில்லை. அச்சு இடத்தை அடைக்கிறதே என்று உடைத்துப் போட்டுவிட்டேன். மெட்ரோவில் இரண்டு சிறகையும் மடியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சிறகைப் பார்த்துவிட்டு, "மகளே, இது எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டார். அவர் மேல் பாய்ந்து கடித்திருப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நொய்டாவில் நான் பார்க்கும் உத்தியோகமே சந்தேகப்படுவதுதான். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று பார்க்கிற பிரிவு. இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருப்பேன்! அந்தக் கேள்வி நம் பக்கம் திரும்பும்போது எப்படி எரிகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து ஆபீஸில் கொஞ்சம் மரியாதையாகக் கேட்க ஆரம்பித்தேன்.

ஆனால் அந்தக் குடுமியை மட்டும் மன்னிக்கவில்லை. அடுத்த வருஷம் அதே போட்டியில், அதே ஆள் முன்னால் போய் நிற்க வேண்டும். 'இது நீ செய்தது' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். பரிசு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எனக்கு அந்த ஒரு வாக்கியம் வேண்டும்.

"ஹோ ஜாயேகா" என்றார் முரளி. நடந்துவிடும் என்று. அவருக்கு எல்லாமே நடந்துவிடும்.

ஊருக்கே அவிக்கிற தட்டு

இந்தத் தடவை அழுங்கு செய்வது என்று முடிவெடுத்தேன். எறும்புதின்னி என்றும் சொல்வார்கள். உடம்பு முழுக்கச் செதில். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுவான பிராணி. என்னுடைய அழுங்கு சுருளாது, நிமிர்ந்து நிற்கும். அதற்கு உள்ளங்கை அகலத்தில் நூற்றைம்பது செதில் வேண்டும்.

அத்தனையையும் கையால் வெட்டி வளைக்க முடியாது. அதனால்தான் இந்த உறிஞ்சு வேலையில் இறங்கினேன். கேட்டால் ரொம்பச் சுலபம். மூடிய பெட்டியின் மேல்பக்கம் நிறைய ஓட்டை போட்ட தட்டு. அதன் மேல் அச்சு. பெட்டிக்குள் இருக்கும் காற்றை வாக்குவம் கிளீனர் உறிஞ்சும்போது, சூடாகி இளகிய பிளாஸ்டிக்கை மேலே வைத்தால், அது அச்சின் மேல் அப்படியே படிந்துவிடும். ஆறினதும் கழற்றினால் சட்டை மாதிரி வந்துவிடும்.

செய்தால்தான் தெரியும் சங்கதி. பிளைவுட்டில் நானே துளை போட்டுப் பார்த்தேன். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. காற்று ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் இழுக்காது. மூன்று பலகை வீணாயிற்று. நான்காவது பலகையைத் தரையில் அறைந்துவிட்டுக் காபி போடலாம் என்று அலமாரியைத் திறந்தால், மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிறது அம்மா கொடுத்த இடியாப்பக் கொப்பரை.

என் அம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறாள். நாங்கள் வீட்டில் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கு, ஊருக்கே இடியாப்பம் அவிக்கிற சைஸில் கல்யாணத்துக்கு ஒரு கொப்பரை கொடுத்து அனுப்பியவள். அதற்குள்ளே ஒரு எவர்சில்வர் தட்டு. ஆவி ஏறுவதற்காக அது முழுக்க ஓட்டை. ஒரே அளவு, ஒரே இடைவெளி. பார்த்ததும் கும்பிடத் தோன்றியது.

பெட்டியின் மேல்பலகையை வட்டமாக அறுத்துத் தட்டை அதில் பதித்தேன். கதவிடுக்கில் ஒட்டுகிற ரப்பர் பட்டையைச் சுற்றிலும் ஒட்டினேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தோலையே பிடித்து இழுத்தது.

அன்றைக்கென்று பார்த்து அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி வடிவு, அந்தக் கொப்பரையை எடுக்கியா, இல்ல தூசி அடஞ்சு கெடக்கா?"

"எடுக்கேம்மா. இன்னைக்குக்கூட எடுத்தேன்."

"தட்டு நல்லா இருக்கா?"

"ஜோரா இழுக்கும்மா."

"இழுக்கா? இடியாப்பமா?"

"ஆமாம்மா, மாவு கொஞ்சம் எளக்கம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் வீட்டுக் கைநாட்டு

முரளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பா மத்திய சர்க்கார் ஆபீஸில் ஃபைல் தள்ளியவர். வீட்டில் பேசியது தஞ்சாவூர்த் தமிழ், தெருவில் பேசியது இந்தி. இரண்டும் சேர்ந்து முரளி பேசுவது முரளித் தமிழ். 'யார்' என்பார், நான் யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்ப்பேன். அவர் என்னைத்தான் 'யார்' என்கிறார். இந்தியில் அது தோழன்.

தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் பத்திரிகையை வாங்கி வருவார், தன்னைப் பற்றி இருக்கும் என்று ஏதோ ஒரு பத்தியில் விரலை வைப்பார், நான் வாசித்துக் காட்ட வேண்டும். "தமிழ்ல நீ சுத்தக் கைநாட்டு" என்று கல்யாணமான முதல் வாரத்திலிருந்து சொல்லிவருகிறேன். கைநாட்டு என்றால் என்ன என்று கேட்டார். எழுதத் தெரியாதவன் கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை மையில் ஒற்றி வைப்பது என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அங்கூட்டா சாப்!" என்று சந்தோஷப்பட்டார். இந்தியிலும் அதே பேச்சு இருக்கிறதாம்.

அந்தப் பெருவிரலுக்கும் ஒரு கதை உண்டு. பத்து வயதில் மொட்டை மாடியில் பட்டம் விட்டபோது மாஞ்சா நூல் வலது கட்டைவிரலை அறுத்துவிட்டது. சதை சேர்ந்தாலும் தழும்பு போகவில்லை. ரேகைகளுக்குக் குறுக்கே பிறை மாதிரி ஒரு பள்ளம். அவருடைய போன் அந்த விரலைப் பத்துத் தடவையில் ஒரு தடவைதான் அடையாளம் கண்டுகொள்ளும்.

இந்த மனுஷனிடம்தான் "அச்சு ஆச்சா?" என்று கத்தினேன். வேறு யாரிடமாவது கத்தியிருக்கலாம், ஆனால் வேறு யாரும் சனிக்கிழமை காலையில் பனியில் பால்கனியில் நின்று தர மாட்டார்களே.

கறுப்புப் பூசிய சனிக்கிழமை

அன்றைக்கே இருபத்தைந்து ஷீட்டையும் முடித்தோம். நான் அடுப்பில் சூடாக்கிக் கொண்டு வந்து அமுக்குவேன். ஆறினதும் முரளி கழற்றி அடுக்குவார். நூற்றைம்பது செதில். ஒன்றுகூடக் கிழியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் குதித்தேன், மிஸஸ் அரோரா இடித்தார்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸிலிருந்து வந்ததும் கத்தரியோடு உட்கார்ந்து வெட்டினோம். போனில் படமாக எடுத்துத் தள்ளினேன். பெட்டியைப் படம், தட்டைப் படம், அடுப்பைப் படம். இந்த முறை ஆதாரம் இல்லை என்று எவன் சொல்வான், பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டே எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பெயின்ட். செம்பு நிறத்தில் இரண்டு பூச்சு. அதற்கு மேலே கறுப்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி உடனே துடைக்க வேண்டும். மேட்டில் செம்பு மினுங்கும், பள்ளத்தில் கறுப்புத் தங்கும், பழைய உலோகம் மாதிரி ஆகிவிடும்.

முதல் செதிலைத் துடைத்தேன். நடுவில் நீள்வட்டமாக ஒரு கறை. மறுபடி துடைத்தேன், போகவில்லை. இரண்டாவது செதிலிலும் அதே கறை. மூன்றாவதிலும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கறை இல்லை, குழி. வெள்ளை பிளாஸ்டிக்கில், பனி வெளிச்சத்தில், கண்ணாடியும் இல்லாமல், அப்புறம் வெட்டும்போது ஓரத்தையே பார்த்து, நான் கவனிக்காமல் விட்ட குழி. நூற்றைம்பதிலும் இருந்தது.

ஒரு செதிலைத் திருப்பினேன். பெயின்ட் படாத வெள்ளை உள்பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டைவிரல் புடைத்துக்கொண்டு நின்றது. ரேகையோடு, ரேகைக்குக் குறுக்கே பிறையோடு.

"முரளி. இங்க வா."

"க்யா ஹுவா?"

"இது என்ன?"

பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது... என் அங்கூட்டா" என்றார். கட்டைவிரல் என்ற தமிழ் வார்த்தைகூட அந்த நேரத்தில் அவருக்கு வரவில்லை.

"அச்சு ஆச்சான்னு கேட்டேம்லா? ஆச்சுன்னு சொன்னியா இல்லியா?"

"நான் எங்க ஆச்சுன்னு சொன்னேன்? அச்சான்னு சொன்னேன். அச்சா மத்லப், சரி, பாத்துட்டுச் சொல்றேன்னு. தொட்டுப் பாத்தேன், ஈரமா இருந்துது. சொல்றதுக்குள்ள நீ தள்ளு தள்ளுன்னு ஓடி வந்துட்ட."

"ஒண்ணு ஈரம்னா மத்ததும் ஈரம்தான? ஆறையும் எதுக்குத் தொட்ட?"

"ஒண்ணு ரெண்டாவது காஞ்சிருக்கும்னு ஒரு உம்மீத், நம்பிக்கை."

"ஆமா, பெரிய டாக்டரு! ஆறு பேருக்கும் நாடி பாத்தாரு! அப்புறமாவது சொல்லித் தொலச்சியா? இருபத்தஞ்சு ஷீட்டு, முரளி! எல்லாத்தையும் நீதான கழட்டுன?"

"முதல் ஷீட் வந்ததும் நீ குதிச்ச" என்றார். "பொன்வண்டுக்கு அப்புறம் நீ அப்படிக் குதிச்சு நான் பாக்கவே இல்ல வடிவு. அதை எப்படிக் கெடுக்கறது? சின்னக் குழிதானே, தெரியாதுன்னு நெனச்சேன்."

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் வந்த அழுகை என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். புட்டி வைத்து அடைக்கலாம் என்றால், விடிந்தால் போட்டி. இந்தப் பனியில் புட்டி காயாது. காயாமல் போனதால்தானே இந்தக் கதியே!

வெளியே வந்தபோது முரளி செதில்களை வரிசையாக அடுக்கி, கறுப்பைப் பூசித் துடைத்துக்கொண்டிருந்தார். "அஞ்சடி தள்ளி நின்னாத் தெரியாது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் துடைக்க ஆரம்பித்தேன்.

குடுமி வந்தார்

அழுங்கு அழகாகத்தான் வந்திருந்தது, சொல்லாமல் எப்படி? தோளிலிருந்து முழங்கால் வரை செம்புச் செதில், பின்னால் தரையைத் தொடும் வால். நடந்தால் கலகலவென்று சத்தம். கூட்டம் விலகி வழி விட்டது. தலைக்கவசத்தைக் கையில் ஏந்திக்கொண்டு முரளி பின்னால் வந்தார்.

நடுவர் மேஜையில் அதே குடுமி. பக்கத்தில் கைத்தறிப் புடவை கட்டிய, நரைத்த தலை அம்மையார் ஒருவர்.

ஐந்தடி தள்ளியா நிற்பார் அந்த ஆள்? மூக்கு உரசுகிற மாதிரி கிட்டே வந்தார். என்னை அவருக்கு நினைவில்லை. எனக்கு அவர் சட்டைப் பொத்தான்கூட நினைவிருந்தது.

"கஹான் சே மங்வாயா?"

அதே கேள்வி. போனை நீட்டினேன். நான்கைந்து படம் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "படத்தை எல்லாம் இப்போது குழந்தைகூட உட்கார்ந்த இடத்தில் உண்டாக்கிவிடும், மேடம்" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பிறகு அவர் விரல் என் தோள் செதிலில் ஊர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது. அடுத்த செதிலுக்குப் போனது, அங்கேயும் நின்றது. குனிந்து இடுப்பைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அதே பழைய சிரிப்பு.

அம்மையாரிடம் இந்தியில் சொன்னார்: "பாருங்கள், ஒரே குறை எல்லாச் செதிலிலும் இருக்கிறது. கையால் செய்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குறை இருக்கும். இது மெஷின் சரக்கு."

தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். போன வருஷம் எழுதிய அதே வார்த்தையின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. இடது தோளிலிருந்து ஒரு செதிலைப் பிடித்துப் படக்கென்று பிய்த்தேன். வரிசையில் நின்றவர்கள் "ஐயோ" என்றார்கள், அதாவது "அரே" என்றார்கள். செதிலைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"மெஷினுக்குக் கட்டைவிரல் உண்டா?" என்று கேட்டேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ரேகை இருக்கிறதே!" என்றார்.

"யாருடைய விரல் இது?" என்றார் குடுமி.

திரும்பினேன். அந்த நேரத்தில் எனக்கு இந்தியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. மண்டபமே அதிர, சுத்தமான திருநெல்வேலித் தமிழில் கத்தினேன்.

"ஏய் முரளி! கட்டவெரலக் கொண்டா!"

அந்த வார்த்தை மட்டும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தலைக்கவசத்தைப் பக்கத்தில் நின்ற அந்நியர் கையில் திணித்துவிட்டு, வலது கையை உயர்த்தியபடி ஓடி வந்தார். அந்தக் கையைப் பிடித்து மேஜை மேல் வைத்தேன்.

குடுமி செதிலை விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சு அசல். அதே சுழி, அதே பிறை. நம்பாமல் இன்னொரு செதில் கேட்டார். முதுகிலிருந்து பிய்த்துக் கொடுத்தேன். அதில் விரல் கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது, பிறை அதேதான். வாலிலிருந்து இன்னொன்று. முரளியின் விரலைப் பிடித்துக் குழிக்குள் வைத்தார். சாவி பூட்டில் உட்கார்வது போல உட்கார்ந்தது.

"ஆறு அச்சு. ஆறும் ஈரமாக இருந்தபோது என் புருஷன் தொட்டுவிட்டார்" என்றேன். "மயூர் விஹாரில், என் பால்கனியில், என் அம்மாவின் இடியாப்பத் தட்டின் மேல் செய்தது. இன்னும் பிய்க்கவா?"

குடுமி தாளைப் பார்த்தார். எழுதிய எழுத்தை அடித்தார். சும்மா அடிக்கவில்லை, மூன்று தடவை கோடு போட்டு அடித்தார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"யே ஆப்னே பனாயா ஹை."

இது நீங்கள் செய்தது. ஒரு வருஷம் காத்திருந்த வாக்கியம்! நான் குதித்தேன். நூற்றுச் சொச்சம் செதிலும் கலகலவென்று என்னோடு குதித்தன. கீழே மிஸஸ் அரோரா இல்லை, இடிக்க ஆளில்லை. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அம்மையார் எழுந்து நின்று தட்டினார். முரளி உயர்த்திய கட்டைவிரலை இறக்கவே இல்லை. தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி நாலு பக்கமும் காட்டிக்கொண்டு நின்றார்.

கைவேலைப் பிரிவில் முதல் பரிசு எனக்கு. மேடையில் சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் குடுமி காதருகே கேட்டார், ஈரமாக இருக்கும்போது ஏன் தொட்டார் என்று. முரளி இந்தியில் விளக்கினார். தமிழில் அச்சு என்றால் சாஞ்சா, ஆச்சா என்றால் ஹோ கயா க்யா, இவள் இப்படிக் கேட்டாள், நான் அப்படிச் சொன்னேன், என்று மூச்சுவிடாமல். குடுமி பெரிதாகத் தலையாட்டி, "அச்சா, அச்சா" என்றார்.

"இதே வார்த்தைதான் சார் எல்லாத்துக்கும் காரணம்" என்றேன்.

சான்றிதழில் ஒரு ஓரம்

மறுநாள் பனி விலகி வெயில் வந்தது. எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் அவை அவை இருந்த இடத்திலேயே இருந்தன. அம்மாவுக்குப் படம் அனுப்பியிருந்தேன், பெட்டியும் தட்டும் தெரிகிற மாதிரி, உண்மையை ஒப்புக்கொண்டு. "ஏட்டி, அந்தத் தட்டை இனி அடுப்புல ஏத்தாத. வேற வாங்கி அனுப்புதேன்" என்று குரல் பதிவில் பதில் அனுப்பியிருந்தாள். திட்டுகிறாளா பாராட்டுகிறாளா என்று மூன்று முறை கேட்டும் தெரியவில்லை.

சான்றிதழைப் பால்கனியில் வைத்துப் பார்த்தேன். 'செய்தவர்' என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. ஆசைப்பட்டது அதுதான், வந்ததும் அதுதான். ஆனாலும் பார்க்கப் பார்க்க எனக்கு ஒப்பவில்லை.

மீதியிருந்த செம்புப் பெயின்ட்டை மூடியில் கொஞ்சம் ஊற்றினேன்.

"முரளி, கையக் குடு."

"இப்ப என்ன தப்பு பண்ணேன்?"

"குடுங்கேன்லா."

வலது கட்டைவிரலைப் பிடித்துப் பெயின்ட்டில் ஒற்றி, என் பெயருக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினேன். எடுத்தபோது ரேகையும் பிறையுமாகச் செம்பு நிறத்தில் விழுந்திருந்தது. முரளி குனிந்து அதைப் பார்த்தார்.

"கைநாட்டு" என்றார். ரொம்பத் தெளிவான தமிழில்.

"சரி, உள்ள எடுத்து வைக்கணும். தொடாமப் பாரு. ஆச்சா?"

குனிந்தபடியே ஊதினார். "அச்..." என்று ஆரம்பித்தார். நான் புருவத்தைத் தூக்கினேன். வாயை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் நன்றாக ஊதினார்.

"ஆச்சு" என்றார்.